பதினொன்றில் மூன்று

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். ஆகஸ்ட் வந்தால் மூவர். ஒன்பது வருடம் கழித்து இந்த வரியை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று திட்டாதே. இவளுக்கு இது மூன்றாம் மாதம். "முதல்ல அண்ணிக்குச் சொல்லணும். போன்ல வேண்டாம். நீங்க போன்ல எல்லாத்துக்கும் 'ம்'முன்னு சொல்லிட்டு வச்சிடுவீங்க. எழுதிப் போடுங்க" என்று பேனாவையும் தாளையும் கையில் திணித்துவிட்டாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் அந்த மூன்றாம் மாடியில்தான் குடியிருக்கிறாயா?

இன்னொரு விஷயம். திட்டத்துறையில் உன்னைப் புதுப் பிரிவுக்கு மாற்றியிருப்பதாகப் போன மாதம் சொன்னாய். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் வெயில், வெள்ளம், கடல் இவற்றையெல்லாம் கணக்கில் எடுப்பதற்கான பிரிவு என்றாய். அதனால் கேட்கிறேன்.

எங்கள் தண்ணீர் நிலையத்தில் கலங்கலுக்குப் படிகாரம் போடுவோம், கிருமிக்குக் குளோரின் போடுவோம். உப்புக்குப் போட எங்களிடம் எதுவும் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கோடையில் ஆறு மெலிந்து கிடக்கும்போது ஒரு பத்து நாள் கடல் தண்ணீர் எங்கள் நிலையம் வரை ஏறி வரும், போய்விடும். அதுவும் ஏப்ரல் கடைசியில்தான். இந்த வருடம் ஜனவரியிலேயே வந்துவிட்டது. லிட்டருக்கு இருநூற்றைம்பது மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. நேற்று இருநூற்று எண்பது.

ஆற்றில் தண்ணீர் எடுக்கும் இடத்தை இருபத்தெட்டுக் கிலோமீட்டர் மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டால் கடல் எட்டாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதற்கு ஆய்வெல்லாம் செய்தார்கள். அந்த ஆய்வுக்குப் படகில் போய்த் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவனே நான்தான். அது உங்கள் திட்டத்தில் இருக்கிறதா? நான் சிபாரிசு கேட்கவில்லை. இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துத் தொலைத்தேன். பக்கத்து மேசைக்காரர் "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று ஓடி வந்துவிட்டார். அழுகையில் இரண்டு வகை உண்டென்று அவருக்குத் தெரியவில்லை. அவளை நடக்கச் சொல், ஆனால் குடம் தூக்கவிடாதே. என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, நானும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி நலம்.

என் பிரிவைப் பற்றிக் கேட்டாய். நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி. நாட்டில் எந்தத் துறை எதைக் கட்டுவதானாலும், "முப்பது வருடம் கழித்து இந்த இடத்தில் வெயில் எப்படி, தண்ணீர் எப்படி, கடல் எங்கே?" என்ற எங்கள் படிவத்தை நிரப்ப வேண்டும். எல்லோரும் "பாதிப்பு இல்லை" என்று எழுதி அனுப்புகிறார்கள். ஒரே படிவத்தை நகல் எடுத்து எல்லாத் திட்டத்துக்கும் ஒட்டுகிறார்கள். போன வாரம் ஒரு துறைமுகத் திட்டம் வந்தது. அதில் "அருகில் கடல் எதுவும் இல்லை" என்று போட்டிருந்தது. நானும் பக்கத்து மேசைக்காரரும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பிறகுதான் பார்த்தோம், அதில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஆனால் இந்தத் தடவை எங்களுக்கென்று தனி அத்தியாயம் கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் அத்தியாயம். அதில் உடனே செய்தாக வேண்டியவை என்று பதினொரு வேலைகள். உன் ஊரின் நீரேற்று நிலையம் அதில் இருக்கிறது. நான் சேர்க்கவில்லை, நான் வருமுன்பே இருந்தது. ஆபத்தின் அளவை வைத்து மதிப்பெண் போட்டதில் இரண்டாவது இடம். நிரந்தர வேலைக்கு மூன்று வருடம் ஆகும். அதுவரைக்கும் வளைவிலிருந்து ஒரு தற்காலிகக் குழாய் என்றும் எழுதியிருக்கிறோம். ஜூனுக்குள் போட்டுவிடலாம் என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள்.

நாடாளுமன்றத்தில் வைக்கும்வரை இது வெளியே போகக் கூடாது. உன்னோடு இருக்கட்டும்.

இருவருக்கும், மூன்றாவது ஆளுக்கும் என் அன்பு.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நலம்தானே? இங்கே அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது எனக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறாள்.

நீ வெளியே விடாதே என்றாய். பாதி விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். போன திங்கட்கிழமை நாற்பது பேர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். "சார், டீ போட்டா பால் திரிஞ்சு போகுது. நீங்களே ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க" என்றார் டீக்கடைக்காரர். குடித்துக் காட்டினேன். "கொஞ்சம் பொறுத்துக்குங்க. மேல இருந்து குழாய் வரப்போகுது. எனக்கு நம்பிக்கையான இடத்துல சொல்லியிருக்காங்க" என்றேன். கலைந்து போனார்கள். எனக்கு உள்ளே ஒரே பெருமை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த ஜனங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது.

மறுநாள் அவளுக்காக இரண்டு கேன் தண்ணீர் வரவழைத்தேன். வண்டி வாசலில் நின்றதுதான் தாமதம், எதிர்வீட்டு அம்மா, "தண்ணிக்காரர் வீட்டுக்கே கேனா! அப்போ நாங்கல்லாம் என்ன மாடா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். நகராட்சி ஆணையரும் கூப்பிட்டு, "உங்க வீட்ல கேன் வாங்கினா ஊரே வாங்கும். வாங்க முடியாதவன் என் வாசல்ல வந்து நிப்பான்" என்றார். இவள் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "ஜூன்ல குழாய் வந்துடும்ல? மூணு மாசம்தானே" என்கிறாள்.

உப்பு முந்நூற்றுப் பத்து. கடல் இறங்கும் நேரம் பார்த்து மட்டும் பம்பு ஓட்டுகிறோம்.

ஒரு யோசனை சொல். இவள் அம்மா மலையடி ஊரில்தான் இருக்கிறார். அங்கே ஊற்றுத் தண்ணீர். பிள்ளை பிறக்கும்வரை அங்கே கொண்டுபோய் விடலாமா? இவளுக்குப் போக மனமில்லை. தண்ணிக்காரர் பெண்டாட்டி ஊரை விட்டு ஓடிவிட்டாள் என்பார்களாம். ஜூனில் குழாய் வருவது உறுதி என்றால் இங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் நானே கட்டாயப்படுத்தி அனுப்பிவிடுகிறேன். நீ சொல்வதுதான்.

உன் தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

உடனே பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். நடுவில் நான்கு நாள் காய்ச்சல். பிறகு அலுவலகத்தில் திட்டத்தைத் திருத்துவதும் திருத்தியதைத் திருத்துவதுமாகப் போய்விட்டது. எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'கமா'. பக்கத்துக்கு ஏழெட்டுக் கமா போடாமல் அவர் எதையும் விடமாட்டார். இந்த ஊரிலும் வெயில் தாங்கவில்லை. மாடி வீட்டுச் சுவர் சாயங்காலம்கூடக் கையை வைக்க முடியாமல் சுடுகிறது. வீட்டுக்காரரிடம் கூரைக்கு வெள்ளை பூசச் சொன்னேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அவள் எப்படி இருக்கிறாள்? தளர்வான பருத்தி உடுப்பு இரண்டு அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டால் தலையணை உறை தைத்துக்கொள்ளச் சொல்.

நீ கேட்டது. வேலை நடந்துகொண்டிருக்கிறது. இந்த மாதிரி விஷயங்களில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். அவளை அனுப்புவதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்வதுதான் சரி. அம்மா வீட்டில் ஓய்வு கிடைக்கும் என்பது உண்மைதான். அவள் மனசும் முக்கியம்.

நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மே 6

அன்புள்ள அக்கா,

காய்ச்சல் முழுதாக விட்டதா? உடுப்பு வந்து சேர்ந்தது. பச்சை அவளுக்கு, ஆரஞ்சு தலையணைக்கு.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "வேலை நடந்துட்டுத்தான் இருக்காம். முன்னே பின்னே ஆகுமாம்" என்றேன். "அப்போ ஜூன் இல்லன்னா ஜூலை. அதுக்குப் போய் மூட்டை கட்டணுமா?" என்று சிரித்தாள். ஆகவே இங்கேயே இருக்கிறாள்.

இங்கே நிலைமை சரியில்லை. நானூற்று எண்பது. நான் பார்த்ததிலேயே இதுதான் அதிகம். குழாய் மூட்டுகளில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. ஜனங்களிடம் ஜூன், ஜூன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே 'ஜூன்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மார்க்கெட்டில் "என்ன ஜூன் சார், கத்திரிக்காய் வேணுமா?" என்கிறார்கள். அவர்கள் சிரிக்கும்வரை பரவாயில்லை.

நர்ஸ் போன வாரம் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கிறது, உப்பைக் குறைக்கணும் என்றார். சமையலில் உப்பே போடுவதில்லை. எனக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

நாள் குறித்துவிட்டார்களா? தோராயமாகச் சொன்னாலும் போதும்.

உன் தம்பி


மே 29

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. அவர் வேலைக்குப் போனபின் எழுதுகிறேன்.

எனக்கு நான்கைந்து நாளாகத் தலைவலி. கால் இரண்டும் வீங்கிச் செருப்பில் நுழைய மாட்டேன் என்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. நர்ஸம்மா உப்பு உப்பு என்கிறார். சமைப்பதில் உப்பே இல்லை அண்ணி. தண்ணீரில் இருப்பதை நான் எப்படிக் குறைப்பது? இந்தத் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு இதே மாதிரி வீங்குகிறது. ஒருத்திக்கு இது நான்காவது பிள்ளை. முன்பு மூன்று தடவையும் இப்படி இல்லையாம்.

அவர் தினமும் தபால்காரரைப் பார்த்து நிற்கிறார். உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்படுகிறார். அதனால் நான் கேட்கிறேன். குழாய் நிஜமாகவே வருகிறதா? வரவில்லை என்றால் எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அவரிடம் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லிக்கொண்டு நான் கிளம்பிவிடுவேன். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும். ஆனால் வருகிற குழாய்க்குப் பயந்து நான் ஓடினால், அவர் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அதுதான் யோசிக்கிறேன்.

குழந்தை நன்றாக உதைக்கிறது. ராத்திரியில் அவர் கையை எடுத்து வைத்தால் மட்டும் அடங்கிவிடுகிறது.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தலைவலியை அலட்சியப்படுத்தாதே. பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடு. இடது பக்கமாக ஒருக்களித்துப் படு.

கேட்டதைப் பற்றி. அலுவலக விஷயத்தை எழுத்தில் சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை. ஆனால் உனக்கு இந்த நேரத்தில் ஓய்வு தேவை. அம்மா வீட்டுக்குப் போய் இருப்பது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓய்வுக்காகச் சொல்கிறேன். வேறு எதுவும் நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

தைரியமாக இரு.

அண்ணி


ஜூன் 30

அக்காவுக்கு,

போனில் "குழந்தை போயிடுச்சு" என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. நீ திரும்பத் திரும்ப "என்னடா, என்னடா" என்றது கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் நான் நிலையத்தில் இருந்தேன். எதிர்வீட்டு அம்மா ஓடி வந்தார். இவள் அடுப்படியில் விழுந்து கைகால் வெட்டிக்கொண்டிருந்தாள். பல் கிட்டி நாக்கில் ரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. எடுக்கும்போதே உயிர் இல்லை. தலை நிறைய முடி. என் கையில் கொடுத்தார்கள். பத்து நிமிடம் வைத்திருந்தேன்.

இவள் பிழைத்துவிட்டாள். மூன்று நாள் கண் சரியாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. கண் தெரிந்ததும் முதலில் கேட்டது உனக்கே தெரியும்.

டாக்டரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். நல்ல மனிதர். "இதுதான் காரணம்னு ஒரு ஆள வச்சு சொல்ல முடியாதுங்க. ஆனா உங்க ஊர்ல இருந்து இந்த வருஷம் இது நாலாவது கேஸ். போன வருஷம் ஒண்ணு" என்றார்.

உனக்கு லீவு கிடைத்தால் வா. இவள் அடுப்படிக்குள் போகவே மாட்டேன் என்கிறாள்.

தம்பி


ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

அவள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? தையல் ஆறிவிட்டதா? நீ சாப்பிடுகிறாயா?

ஜூலையில் மூன்று நாள் உன் வீட்டில் இருந்தேன். வந்ததும் நீ கொடுத்த தண்ணீரை ஒரு வாய் குடித்தேன், இரண்டாவது வாய் இறங்கவில்லை. அந்த மூன்று நாளில் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. சமைத்தேன், துணி துவைத்தேன், அவள் தலையை வாரிவிட்டேன். சொல்லவில்லை. ரயில் ஏறியபின் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கும் மூன்று வாரம் ஆகிவிட்டது.

மார்ச் இருபத்து நான்காம் தேதி கமா எங்களைக் கூப்பிட்டார். "பதினொண்ணெல்லாம் தாங்காதும்மா. மூணு மட்டும் வையுங்க. எந்த மூணுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். மதிப்பெண் பட்டியல் மேசைமேல் இருந்தது. முதலில் ஒரு தடுப்பணை, இரண்டாவது உன் ஊர். நான் வாய் திறக்குமுன் நிதிப் பிரிவுக்காரர் சிரித்துக்கொண்டே, "ரெண்டாவது, உங்க தம்பி வேலை பார்க்கிற ஊர்தானேம்மா?" என்றார். அறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இருபத்தாறு வருடமாக இந்தக் கட்டடத்தில் என்னை யாரும் ஒரு விரல் நீட்டிச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. "அதை எடுத்துடலாம். ஒண்ணு, மூணு, நாலு வைப்போம்" என்றேன். என் பேனாவால்தான் அடித்தேன். உன் மார்ச் பதினைந்தாம் தேதிக் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது. இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. அவளை அனுப்பட்டுமா என்று நீ கேட்டிருந்ததைப் படித்துவிட்டுத்தான் அந்த அறைக்குப் போனேன்.

அந்த மூன்று வேலைகளாவது நிற்கும் என்று நினைத்தேன். ஏப்ரல் நடுவில் கமா மறுபடி கூப்பிட்டார். "இதுக்குன்னு தனி அத்தியாயம் எதுக்கும்மா? ஒருங்கிணைப்புன்னா என்ன? எல்லா அத்தியாயத்துலயும் கலந்துடணும். சாம்பார்ல உப்பு மாதிரி. இருக்கணும், ஆனா தனியா தெரியக் கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். ஏழாம் அத்தியாயம் போய்விட்டது. சாலை அத்தியாயத்தில் இரண்டு வரி, வீட்டுவசதி அத்தியாயத்தில் ஒரு பத்தி, முன்னுரையில் ஒரு வாக்கியம். மூன்று வேலையும் இல்லை. ஆட்சேபம் தெரிவித்து நான் எழுதிய குறிப்பு, "பார்த்தேன்" என்ற ஒரே சொல்லும் கையெழுத்துமாகத் திரும்பி வந்தது.

அப்படியானால் நான் உன் ஊரை வைத்திருந்தாலும் போயிருக்கும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது சமாதானமாகவில்லை. ஏனென்றால் குழாய் வராது என்று உனக்குச் சொல்வது மட்டும் முழுக்க என் கையில் இருந்தது. ரகசியக் காப்பு விதி என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், எதனால் வரவில்லை என்று நீ கேட்பாயே என்ற பயம். "நடந்துகொண்டிருக்கிறது" என்று எழுதினேன். கமா பத்து வருடமாக எழுதுகிற வாக்கியம் அது. அவள் தனியாகக் கேட்டபோதும் "ஓய்வு" என்று எழுதினேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எதுவும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

இவள் உடம்பு தேறிவிட்டது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். திட்டப் புத்தகம் ஜூலை முதல் வாரமே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். வரி விடாமல் படித்தேன். 'காலநிலை' என்ற சொல் நூற்று அறுபத்தேழு இடத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் ஒரு இடத்திலும் இல்லை. நீ இங்கே வந்திருந்த மூன்று நாளும் அந்தப் புத்தகம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நீ சொல்வாய் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். உன்னை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. தினமும் உப்பு அளவைப் பெரிதாக எழுதி நிலையத்தின் வாசற்கதவில் ஒட்ட ஆரம்பித்தேன். கீழே, "கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் குடிக்க வேண்டாம்" என்றும் எழுதினேன். இரண்டாம் நாளே ஆணையர் வந்துவிட்டார். "ஊரையே காலி பண்ணப் பார்க்கிறியா?"

"ஊர் காலியாகாது சார். போக இடம் இருக்கிறவங்க மட்டும்தான் போவாங்க" என்றேன்.

தாளைக் கிழித்தார். மறுநாளும் ஒட்டினேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், அடுத்தது பணிநீக்கம் என்கிறார்கள். இதனால் என்ன நடந்தது என்று கேட்டால், கேன் வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள். முடியாதவர்கள் கதவில் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டு அதே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். டீக்கடைக்காரர் மட்டும், "இதை மார்ச்லயே ஒட்டியிருக்கலாமே சார்" என்றார். நான்தானே குடித்துக் காட்டினேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத வரவில்லை. உனக்கு அந்த அறையில் என்ன நேர்ந்தது என்று புரிகிறது. புரிவதால் ஒன்றும் குறையவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் ஜூன் ஐந்தாம் தேதிக் கடிதத்தை இவள் என்னிடம் காட்டினாள். "அண்ணி போன்னுதான் சொன்னாங்க. நான்தான் போகல. ஓய்வுக்குத்தானே, இங்கேயே படுத்துக்கலாம்னு இருந்துட்டேன். பிள்ளையை நான்தான் கொன்னுட்டேன்" என்கிறாள். ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்கிறாள். நான் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் என் வாயால் சொன்னால், பெண்டாட்டியைத் தேற்றக் கூடப்பிறந்தவள்மேல் பழி போடுகிறேன் என்றுதான் நினைப்பாள். எனக்கு எழுதியதை அப்படியே அவளுக்கும் எழுது. ஒன்றையும் குறைக்காதே.

தம்பி


நவம்பர் 20

அண்ணிக்கு,

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அனுப்பிய கடிதம் பன்னிரண்டு பக்கமும் படித்தேன். முதலில் அவர் என்னைத் தேற்றுவதற்காக உங்களிடம் கேட்டு எழுத வைத்தாரோ என்று சந்தேகப்பட்டேன். பேனாவால் அடித்த இடத்தைப் படித்தபோது, இதை யாரும் இட்டுக்கட்டி எழுத மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. என்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும் என்று அவர் நினைத்தார். ஆகவில்லை. என்மேல் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த தடவை ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று ஒரு பிடிமானம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. எங்கேயோ ஒரு அறையில் யாரோ சிரித்ததற்கு இங்கே ஒரு பிள்ளை போகும் என்றால், நான் எதில் ஜாக்கிரதையாக இருப்பது?

நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம் அண்ணி. "குழாய் வராது." இரண்டு சொல். ரகசியம் என்றால் அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருப்பேன்.

இங்கே ஊற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை குடிக்கும்போதும் கோபம் வருகிறது. அவரை இங்கேயே வந்துவிடச் சொன்னேன். வர மாட்டேன் என்கிறார். அவர் வந்துவிட்டால் கதவில் தாள் ஒட்ட ஆளில்லையாம். நான் அங்கே திரும்பிப் போக மாட்டேன். இப்படியே எத்தனை நாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

இனி எனக்கு எழுதாதீர்கள். நலம் விசாரித்துக்கூட வேண்டாம். அவருக்கு மட்டும் எழுதிக்கொண்டிருங்கள். தனியாக இருக்கிறார், சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்களை விட்டால் அவருக்கு வேறு யாரும் கிடையாது.